மாத்திரை அட்டையில் தேதியை மாற்றினால் என்ன தண்டனை? மருந்தில் கை வைப்பவர்களுக்குச் சட்டம் போடும் கணக்கு

மகன் பெங்களூரில் ஐ.டி. வேலையில் இருக்கிறார். அம்மா சேரன்மகாதேவியில். வாரக் கடைசியில் வீடியோ காலில் மாத்திரைக் கணக்கு நடக்கிறது.

"எய்யா, பிரஷர் மாத்திரை தீந்துட்டு. இன்னைக்குதான் பத்து மாத்திரை வாங்கிட்டு வந்தேன்" என்று அம்மா அட்டையை கேமரா முன்னால் காட்டுகிறார். கத்தரிக்கோலால் வெட்டிய அட்டை. மருந்தின் பெயரில் பாதி இருக்கிறது. பேட்ச் எண் இல்லை. எக்ஸ்பைரி தேதி இல்லை.

"தேதி எங்கம்மா?"

"அது மத்த பாதியோட கடையிலயே போயிட்டு போல. மருந்துக்கடைக்காரருக்குத் தெரியாதா?"

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் சேர்மாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி என்று எந்த ஊரில் அப்பா அம்மாவை விட்டுவிட்டு வெளியூரில் வேலை பார்ப்பவருக்கும் இது புதுசாக இருக்காது. அட்டையை வெட்டிக் கொடுப்பது மோசடி இல்லை. தினமும் நடக்கிற சில்லறை வியாபாரம். கேள்வி வேறு. அந்தத் தேதியை யாராவது அழித்துவிட்டு வேறு தேதி அடித்திருந்தால்? அட்டை அசல், உள்ளே இருக்கும் மாத்திரை வேறு என்றால்? சிரப்பில் சேரக்கூடாத ஒன்று சேர்ந்திருந்தால்?

பேச்சு வழக்கில் இவை எல்லாமே "மருந்தில் கை வைத்துவிட்டான்" என்ற ஒரே வார்த்தைதான். சட்டத்துக்கு அப்படி இல்லை. எதில் கை வைத்தார் என்பதைப் பொறுத்துத் தண்டனை ஒரு வருடத்தில் தொடங்கி ஆயுள் வரை போகிறது. அந்தக் கணக்கைப் பார்ப்போம்.

லேபிளைத் தொடுவதே குற்றமா?

ஆம். இந்தியாவில் மருந்து தயாரிப்பையும் விற்பனையையும் கட்டுப்படுத்துவது 1940-ம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம். அதன் கீழ் 1945-ல் வந்த விதிகளில் 104-ஏ என்று ஒரு விதி இருக்கிறது. மருந்தின் புட்டி, லேபிள், உறை ஆகியவற்றில் உள்ள எந்த எழுத்தையும் குறியையும் யாரும் மாற்றவோ, அழிக்கவோ, சிதைக்கவோ கூடாது என்பதுதான் அதன் சாரம். உரிமம் வழங்கும் அதிகாரி அனுமதித்தால் மட்டும் விதிவிலக்கு.

கவனிக்க வேண்டியது, இங்கே "எந்த எழுத்தையும்" என்பதுதான். எக்ஸ்பைரி தேதி மட்டும் இல்லை. டாக்டர்களுக்கு இலவசமாகக் கொடுக்கும் சாம்பிள் அட்டையில் "விற்பனைக்கு அல்ல" என்று இருக்கும். அரசு ஆஸ்பத்திரிக்கு தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அனுப்பும் மாத்திரையிலும் அரசு முத்திரை இருக்கும். அதை மை போட்டு மறைத்தாலும், மேலே ஸ்டிக்கர் ஒட்டினாலும் இதே விதிதான் பாயும்.

மூன்று பெட்டிகள்

மருந்தில் நடக்கும் தப்புகளைச் சட்டம் மூன்று பெட்டிகளாகப் பிரிக்கிறது. எந்தப் பெட்டிக்குள் விழுகிறது என்பதில்தான் தண்டனையே இருக்கிறது.

முதல் பெட்டி, தப்பான லேபிள். பிரிவு 17. லேபிளில் பொய்யான அல்லது தவறாக வழிநடத்தும் எந்தத் தகவல் இருந்தாலும் இதில் வரும்.

இரண்டாவது, கலப்பட மருந்து. பிரிவு 17-ஏ. அழுகிய, அசுத்தமான பொருள் கலந்தது. சுகாதாரமில்லாத இடத்தில் தயாரித்தது. உடலுக்குக் கெடுதல் செய்யும் நச்சுப் பொருள் உள்ளது. வீரியம் குறையும்படி வேறு எதையாவது கலந்தது. இதெல்லாம் இங்கே.

மூன்றாவது, போலி மருந்து. பிரிவு 17-பி. வேறொரு மருந்தின் பெயரில் வருவது, இன்னொரு மருந்தைப் பார்த்துச் செய்த நகல், இல்லாத கம்பெனியின் பெயர் போட்டது, உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு வேறு மருந்தை வைத்தது, ஒரு கம்பெனி தயாரிக்காததை அந்தக் கம்பெனியுடையது என்று விற்பது.

இதற்கான தண்டனைகள் பிரிவு 27-ல் இருக்கின்றன. 2008-ம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு நிலவரம் இதுதான்:

• கலப்பட மருந்து அல்லது போலி மருந்தால் உயிர் போனாலோ, கொடுங்காயம் ஏற்பட்டாலோ: குறைந்தது 10 ஆண்டு சிறை, ஆயுள் வரை நீளலாம். அபராதம் குறைந்தது 10 லட்சம் ரூபாய், அல்லது பறிமுதல் செய்த மருந்தின் மதிப்பைப் போல 3 மடங்கு. இதில் எது அதிகமோ அது. அந்தப் பணம் பாதிக்கப்பட்டவருக்கு, அவர் இறந்திருந்தால் குடும்பத்துக்குப் போக வேண்டும்.

• போலி மருந்து, யாரும் பாதிக்கப்படாவிட்டாலும்: குறைந்தது 7 ஆண்டு, ஆயுள் வரை. அபராதம் குறைந்தது 3 லட்சம் அல்லது 3 மடங்கு.

• கலப்பட மருந்து, உயிர்ச்சேதம் இல்லாதபோது: 3 முதல் 5 ஆண்டு. அபராதம் குறைந்தது 1 லட்சம் அல்லது 3 மடங்கு. லைசென்ஸ் இல்லாமல் மருந்து தயாரித்தாலோ விற்றாலோ இதே தண்டனை.

• இந்தச் சட்டத்தையும் விதிகளையும் மீறும் மற்ற எல்லாம்: 1 முதல் 2 ஆண்டு. அபராதம் குறைந்தது 20,000 ரூபாய்.

2008-க்கு முன்னால் உயிர் போன வழக்கில் குறைந்தபட்சத் தண்டனை 5 ஆண்டு, அபராதம் 10,000 ரூபாய்தான். 2003-ல் விஞ்ஞானி ஆர்.ஏ. மஷேல்கர் தலைமையிலான குழு, போலி மருந்தால் உயிர் போனால் மரண தண்டனை வரை கொடுக்கலாம் என்று பரிந்துரைத்தது. அதன்பின் நடந்த விவாதங்களின் முடிவில் நாடாளுமன்றம் மரண தண்டனையை ஏற்கவில்லை; ஆயுளோடு நிறுத்திக்கொண்டது.

அப்படியானால் தேதியை மாற்றுபவருக்கு?

இங்கேதான் சிக்கல். காலாவதியான ஒரு அசல் மாத்திரை. கம்பெனி அசல், பெயர் அசல், உள்ளே இருப்பதும் அதே மருந்து. தேதி மட்டும் பொய். அந்தப் பொய்த் தேதி பிரிவு 17-ன் "தப்பான லேபிள்", கூடவே 104-ஏ விதி மீறல். போலி மருந்துக்கான ஐந்து வரையறைகளில் எதிலும் அது நேராகப் பொருந்தாது. அதனால் தேதித் திருத்தம் மட்டுமே நிரூபிக்கப்பட்டால், அது பட்டியலின் கடைசிப் படியில், 1 முதல் 2 ஆண்டு என்ற இடத்தில் போய் நிற்கிறது.

இன்னொரு விஷயமும் உண்டு. 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஜன் விஸ்வாஸ் சட்டம், இந்தக் கடைசிப் படிக் குற்றங்களை அபராதம் கட்டிச் சமரசமாக முடித்துக்கொள்ளும் பட்டியலில் சேர்த்தது. சின்னச் சின்ன விதிமீறலுக்கெல்லாம் வியாபாரிகள் கோர்ட்டுக்கு அலைய வேண்டாம் என்பது அரசின் வாதம். ஆனால் பதிவேட்டில் ஒரு வரி விடுபட்டதும், எக்ஸ்பைரி தேதியை வேண்டுமென்றே மாற்றியதும் ஒரே படியில்தான் நிற்கின்றன.

சரி, தேதி மாற்றுபவர்கள் லேசாகத் தப்பிவிடுவார்களா? அப்படியும் சொல்ல முடியாது. இந்த வேலையைச் செய்பவர் ஏதோ ஒரு குடோனில் லைசென்ஸ் இல்லாமல் செய்தால், 3 முதல் 5 ஆண்டுக்கான படிக்கு ஏறிவிடுவார். பழைய அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு, வேறு கம்பெனி பெயரில் புது அட்டை அடித்தால் அது போலி மருந்து. 7 ஆண்டிலிருந்து ஆயுள் வரை. இதோடு மோசடிக்கான பொதுவான குற்றப் பிரிவும் சேரும். பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 318-ன் கீழ் ஏமாற்றிப் பொருளையோ பணத்தையோ பெற்றால் 7 ஆண்டு வரை சிறை உண்டு.

சென்னை 2010: குப்பைக்குப் போக வேண்டியது கடைக்கு வந்த கதை

இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. 2010 மார்ச்சில் சென்னையில் வெளிவந்த காலாவதி மருந்து விவகாரம் தமிழ்நாட்டையே உலுக்கியது. அழிக்கப்பட வேண்டிய காலாவதி மருந்துகளைச் சேகரித்து, தேதியை மாற்றி, மறுபடியும் மொத்த வியாபாரம் வழியாகக் கடைகளுக்கு அனுப்பியதாகப் புகார். வழக்கு சிபி-சிஐடி கைக்குப் போனது. மாநிலம் முழுக்க மருந்துக்கடைகளிலும் குடோன்களிலும் சோதனை நடந்தது.

கைதானவர்களில் சிலர் மீது குண்டர் தடுப்புச் சட்டம் பாய்ந்தது. இந்தச் சட்டம் ஒருவரை விசாரணை இல்லாமலே ஓராண்டு வரை காவலில் வைக்க அனுமதிக்கிறது. தண்டனை என்பது வேறு, தடுப்புக் காவல் என்பது வேறு. முதலாவது குற்றம் நிரூபணமான பிறகு வருவது. இரண்டாவது, இனி செய்யாமல் தடுப்பதற்காக என்று சொல்லி முன்னாலேயே உள்ளே வைப்பது.

மருந்து என்பது பெரும்பாலும் ஊர் தாண்டிப் போகும் பொருள். சென்னையில் தேதி மாறிய அட்டை திருநெல்வேலி ஜங்ஷன் வரை வர ஒரு ராத்திரி போதும். அங்கிருந்து சேரன்மகாதேவிக்கு டவுன் பஸ் தூரம்தான்.

காலாவதி மாத்திரை சாப்பிட்டால் உடனே விஷமாகிவிடும் என்று அர்த்தமில்லை. பெரும்பாலான மருந்துகளில் நடப்பது வீரியக் குறைவு. அதுவே இன்னும் ஆபத்தாக முடியலாம். பிரஷர் மாத்திரை வேலை செய்யவில்லை என்பது சாப்பிடுபவருக்குத் தெரியவே தெரியாது. தலைசுற்றல் வந்தால் "வெயில்" என்று நினைத்துக்கொள்வார். இன்சுலின், ஆன்டிபயாடிக், இதய நோய் மாத்திரை என்றால் விளைவு இன்னும் மோசம். உயிரே போனாலும், காரணம் அந்த மாத்திரைதான் என்று காட்டுவது மிகக் கஷ்டம்.

கோல்ட்ரிஃப்: லேபிள் சரி, உள்ளே விஷம்

இதற்கு நேர் எதிரான வழக்கு 2025-ல் வந்தது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் சளி, காய்ச்சலுக்கு மருந்து குடித்த குழந்தைகளுக்கு அடுத்தடுத்து சிறுநீரகம் செயலிழந்தது. 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர். அவர்கள் குடித்த கோல்ட்ரிஃப் என்ற இருமல் மருந்து தயாரானது காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் இருந்த ஸ்ரீசன் பார்மா நிறுவனத்தில்.

மத்தியப் பிரதேசத்திலிருந்து தகவல் வந்ததும், அக்டோபர் 1-ம் தேதி தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஆலையில் சோதனை நடத்தி மாதிரி எடுத்தது. எஸ்ஆர்-13 என்ற பேட்சில் டை எத்திலீன் கிளைகால் 48.6 சதவீதம் இருப்பது சென்னை ஆய்வகத்தில் மறுநாளே தெரிந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம் மட்டுமே. அக்டோபர் 9-ம் தேதி நிறுவன உரிமையாளரை மத்தியப் பிரதேச சிறப்புப் புலனாய்வுக் குழு சென்னையில் கைது செய்தது. 13-ம் தேதி தமிழ்நாடு அரசு உரிமத்தை ரத்து செய்தது. ஆலையைச் சரியாக ஆய்வு செய்யாத புகாரில் தமிழகத்தின் மருந்து ஆய்வாளர்கள் இருவர் சஸ்பெண்ட் ஆனார்கள்.

டை எத்திலீன் கிளைகால் என்பது தொழிற்சாலைகளில் பயன்படும் கரைப்பான். கொஞ்சம் இனிப்பாக, கெட்டியாக இருக்கும். சிரப்பில் முறைப்படி சேர்க்க வேண்டிய புரொப்பிலின் கிளைகாலைப் போலவே தோற்றம், விலை குறைவு. மருந்துத் தரம் இல்லாத புரொப்பிலின் கிளைகாலை வாங்கி, சோதிக்காமலே பயன்படுத்தினால் இந்த விஷம் உள்ளே வந்துவிடும். கோல்ட்ரிஃப் ஆலையிலும் மருந்துத் தரம் இல்லாத கரைப்பான்தான் பயன்பட்டது என்று தமிழகத் துறையின் ஆய்வறிக்கை சொன்னது.

அரசுப் பகுப்பாய்வாளர் இதைக் "கலப்பட மருந்து" என்றே வகைப்படுத்தினார். அதாவது இரண்டாவது பெட்டி. உயிர்கள் போயிருப்பதால் குற்றம் நிரூபணமானால் 10 ஆண்டிலிருந்து ஆயுள் வரை போகக்கூடிய படி. மத்தியப் பிரதேச போலீஸ் இதோடு பாரதிய நியாய சன்ஹிதாவின் 105-ம் பிரிவையும், அதாவது கொலை ஆகாத மரணம் விளைவித்தல், 276-ம் பிரிவையும் சேர்த்தது.

இது முதல் தடவை இல்லை என்பதுதான் வேதனை. 1972-ல் சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் இதே ரசாயனம் கலந்த மருந்தால் 14 குழந்தைகள் இறந்தனர். 1986-ல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் கிளிசரின் வழியாக 14 நோயாளிகள். அதற்காக நீதிபதி லென்டின் ஆணையம் அமைந்தது. 1937-ல் அமெரிக்காவில் 100-க்கும் மேற்பட்டோர். அந்த அமெரிக்கச் சம்பவத்தில் கம்பெனி மீது போட முடிந்த வழக்கு என்ன தெரியுமா? ஆல்கஹால் இல்லாத மருந்துக்கு "எலிக்சிர்" என்று பெயர் வைத்தது. தப்பான லேபிள்! விற்பனைக்கு முன்பே மருந்து பாதுகாப்பானதா என்று சோதிக்கச் சொல்லும் சட்டம் அங்கே அப்போது இல்லை. அடுத்த ஆண்டே அது வந்தது.

பொதுக் குற்றச் சட்டத்தில் ஓராண்டுதான்

"மருந்தில் கலப்படம் செய்தால் ஓராண்டு சிறையாமே?" என்று ஒரு தகவல் அடிக்கடி வாட்ஸ்அப்பில் சுற்றும். அது பொய் இல்லை, பாதி உண்மை. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 276, மருந்தில் கலப்படம் செய்பவருக்கு ஓராண்டு வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. பிரிவு 277, கலப்படம் என்று தெரிந்தே விற்பது. பிரிவு 278, ஒரு மருந்தை வேறு மருந்து என்று சொல்லி விற்பது. இரண்டுக்கும் ஆறு மாதம் வரை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது இன்னும் குறைவு: ஆறு மாதம், 1,000 ரூபாய்.

ஆக ஒரே செயலுக்கு இரண்டு சட்டங்கள். ஒன்றில் ஓராண்டு, இன்னொன்றில் ஆயுள் வரை. எது பாயும் என்பது யார் வழக்குப் போடுகிறார்கள் என்பதையும் பொறுத்தது. 2020 ஆகஸ்டில் அசோக் குமார் சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: மருந்துச் சட்டத்தின் நான்காம் அத்தியாயக் குற்றங்களில், அதாவது மேலே பார்த்த பிரிவு 27 குற்றங்களில், போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட்டு விசாரிக்க முடியாது. மருந்து ஆய்வாளர் அல்லது சட்டம் குறிப்பிடும் அதிகாரிதான் நீதிமன்றத்தில் புகார் தாக்கல் செய்ய வேண்டும். மோசடி, மரணம் விளைவித்தல் போன்ற பொதுக் குற்றங்களை போலீஸ் தன் வழியில் விசாரிக்கலாம்.

இதனால் நடைமுறையில் என்ன? மருந்தில் சந்தேகம் என்று சேரன்மகாதேவி காவல் நிலையத்துக்கு மட்டும் போனால் பாதி வழிதான் போனது மாதிரி. புகார் திருநெல்வேலியில் உள்ள மருந்துக் கட்டுப்பாட்டு உதவி இயக்குநர் அலுவலகத்துக்கும் போக வேண்டும்.

ஒருவரின் மருந்தில் வீட்டிலேயே யாராவது எதையாவது கலந்தால்? அது மருந்துச் சட்டத்தின் வேலையே இல்லை. தீங்கு செய்யும் நோக்கத்தோடு விஷமோ மயக்க மருந்தோ கொடுத்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 123-ன் கீழ் 10 ஆண்டு வரை. உயிர் போனால் கொலை வழக்கு.

அமெரிக்கா ஏன் தனிச் சட்டம் போட்டது?

1982 செப்டம்பர் கடைசியில் சிகாகோ பகுதியில் டைலனால் என்ற வலி மாத்திரை சாப்பிட்ட 7 பேர் அடுத்தடுத்து இறந்தனர். கடை அலமாரியில் இருந்த புட்டிகளைத் திறந்து, கேப்சூலில் சயனைடு நிரப்பி, யாரோ திரும்ப வைத்திருந்தார்கள். ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் சுமார் 3 கோடியே 10 லட்சம் புட்டிகளைத் திரும்பப் பெற்றது. கொலைக் குற்றத்தில் இதுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை.

ஆனால் இரண்டு மாற்றங்கள் வந்தன. ஒன்று, திறந்தால் காட்டிக்கொடுக்கும் சீல். இன்று மூடிக்கு அடியில் பார்க்கிற அந்தப் படலம், கழுத்தைச் சுற்றிய பிளாஸ்டிக் வளையம் எல்லாம் பரவலானது அதன் பிறகுதான். இரண்டு, 1983-ல் நுகர்பொருளில் கை வைப்பதையே தனிக் குற்றமாக்கிய மத்தியச் சட்டம். முயற்சித்தாலே 10 ஆண்டு வரை, கடும் காயம் என்றால் 20 ஆண்டு வரை, உயிர் போனால் ஆயுள் வரை.

அந்தச் சட்டத்தின் பல் எவ்வளவு கூர்மை என்பது கான்சாஸ் சிட்டியில் தெரிந்தது. புற்றுநோய் மருந்தைத் தண்ணீர் மாதிரி நீர்க்கவைத்து விற்ற ராபர்ட் கோர்ட்னி என்ற மருந்தாளுநர் 2001-ல் பிடிபட்டார். 2002-ல் அவருக்கு 30 ஆண்டு சிறை. எந்த நோயாளி அதனால்தான் இறந்தார் என்று ஒவ்வொன்றாக நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. மருந்தில் கை வைத்ததே போதுமானதாக இருந்தது.

இந்தியச் சட்டத்தில் ஒருவர் செய்த காரியத்துக்கென்று தனிப் பெயர் இல்லை. கடைசியில் மருந்து எந்தப் பெட்டியில் விழுகிறது என்றுதான் பார்க்கிறது. அதனால்தான் தேதியை மாற்றுவது கீழ்ப் படியில் நிற்கிறது.

கடைக்காரர் எப்போது தப்பிக்கலாம்?

நியாயமான கடைக்காரரைச் சட்டம் காப்பாற்றவும் செய்கிறது. பிரிவு 19(3)-ன்படி அவர் மூன்று விஷயங்களைக் காட்ட வேண்டும். லைசென்ஸ் உள்ள தயாரிப்பாளர் அல்லது மொத்த வியாபாரியிடம் வாங்கியது; சாதாரண அக்கறையோடு பார்த்திருந்தாலும் கோளாறு தெரிந்திருக்காது; தன்னிடம் இருந்தவரை சரியாக வைத்திருந்தது, வாங்கியபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

அந்த "அப்படியே" தான் முக்கியம். கடையில் வைத்துத் தேதி மாறியிருந்தால் இந்தக் கவசம் உடைந்துவிடும். யாரிடம் வாங்கினோம் என்று ஆய்வாளர் கேட்டால் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் அதற்கே ஓராண்டு வரை சிறை. பில் இல்லாமல் குறைந்த விலைக்குச் சரக்கு வாங்குவது கடைக்காரருக்குத்தான் முதல் ஆபத்து.

வழக்கு எதில் நிற்கிறது, எதில் விழுகிறது?

ஆய்வாளர் கடையில் மாதிரி எடுக்கும்போது அதை நான்காகப் பிரித்து சீல் வைக்க வேண்டும். ஒன்று கடைக்காரருக்கு, ஒன்று அரசுப் பகுப்பாய்வாளருக்கு, ஒன்று நீதிமன்றத்துக்கு, இன்னொன்று தேவைப்பட்டால் தயாரித்த கம்பெனிக்கு. பகுப்பாய்வு அறிக்கை கிடைத்த 28 நாளுக்குள் எதிர்த்தரப்பு ஆட்சேபம் சொன்னால், நீதிமன்றத்தில் இருக்கும் மாதிரி கொல்கத்தாவில் உள்ள மத்திய மருந்து ஆய்வகத்துக்குப் போகலாம். அங்கு வரும் முடிவே இறுதி.

சாட்சி பல்டி அடிக்கலாம், மாதிரி அடிக்காது. போலி, கலப்பட மருந்து வழக்குகளை செஷன்ஸ் அந்தஸ்துள்ள சிறப்பு நீதிமன்றம்தான் விசாரிக்கும். போலி மருந்திலும், உயிர் போன வழக்கிலும் ஜாமீன் எளிதாகக் கிடைக்காது.

செய்தியில் மாதாமாதம் வரும் "50 மருந்துகள் தரமற்றவை" பட்டியலையும் இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். தரக்குறைவு என்பது மாத்திரை சரியாகக் கரையவில்லை, அளவு கொஞ்சம் குறைவு என்பது போன்ற சோதனைத் தோல்வி. அது போலி மருந்து என்று அர்த்தமில்லை. மொத்த பிராண்டும் மோசம் என்றும் அர்த்தமில்லை. குறிப்பிட்ட பேட்ச் மட்டுமே. அதனால்தான் பேட்ச் எண் தேவை.

வீட்டில் என்ன செய்யலாம்?

• தேதி இருக்கும் பக்கத்தைக் கேளுங்கள். பத்து மாத்திரைதான் வேண்டும் என்றால், பேட்ச் எண்ணும் தேதியும் உள்ள பாதி யாருக்கு வருகிறது என்று பாருங்கள். முழு அட்டையாக வாங்க முடிந்தால் இன்னும் நல்லது.

• எக்ஸ்பைரியில் மாதமும் வருடமும் மட்டும் இருந்தால், அந்த மாதத்தின் கடைசி நாள் வரை பயன்படுத்தலாம் என்று பொருள்.

• தேதி மேல் ஸ்டிக்கர், சுரண்டிய தடம், ஒரே அட்டையில் இரண்டு விதமான எழுத்து, அட்டையில் ஒரு பேட்ச் எண் பெட்டியில் வேறு எண். இதில் எது இருந்தாலும் சாப்பிடாதீர்கள், தூக்கியும் போடாதீர்கள்.

• க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்கள். டோலோ, கால்பால் போல அதிகம் விற்கும் 300 பிராண்டுகளில் 2023 ஆகஸ்ட் 1 முதல் பார்கோடு அல்லது க்யூஆர் கோடு கட்டாயம். அதில் வரும் பேட்ச் எண், தயாரிப்புத் தேதி, எக்ஸ்பைரி ஆகியவை அட்டையில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். தேதியை அழித்து மாற்றியவர் கோடுக்குள் இருப்பதை மாற்ற முடியாது.

• பில் வாங்குங்கள். ஜிபேயில் பணம் போன ஸ்க்ரீன்ஷாட் பில் ஆகாது. பேட்ச் எண் உள்ள பில்தான் அந்த மாத்திரையை அந்தக் கடையோடு கட்டிப்போடும் கயிறு.

• சந்தேகம் இருந்தால் நீங்களே சோதனைக்குக் கொடுக்கலாம். பிரிவு 26-ன்படி மருந்து வாங்கிய யாரும், உரிய கட்டணம் கட்டி, அரசுப் பகுப்பாய்வாளரிடம் கொடுத்து, கையெழுத்திட்ட அறிக்கை பெறலாம். பாதிக்கப்பட்டவரும், அங்கீகாரம் பெற்ற நுகர்வோர் அமைப்பும் நேரடியாக நீதிமன்றத்தில் வழக்குத் தொடரவும் சட்டம் இடம் தருகிறது.

• மருந்தால் பக்கவிளைவு என்று தோன்றினால், மத்திய அரசின் மருந்து விழிப்புணர்வுத் திட்ட உதவி எண் 1800-180-3024. தமிழக அரசின் மருத்துவ உதவிக்கு 104. நுகர்வோர் புகாருக்கு 1915.

• வீட்டில் காலாவதியான மாத்திரையை அட்டையோடு குப்பையில் போடாதீர்கள். உறையைக் கிழித்து, எழுத்து தெரியாமல் சிதைத்துவிட்டுப் போடுங்கள். 2010-ல் கிளம்பிய புகாரே அழிய வேண்டிய மருந்து அழியாமல் திரும்பி வந்தது பற்றித்தான்.

கடைசியாக ஒன்று

பிரஷர் மாத்திரை விவகாரத்தில் அம்மா கேட்ட கேள்வி தப்பில்லை: "மருந்துக்கடைக்காரருக்குத் தெரியாதா?" பெரும்பாலும் தெரியும், பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் தெரியாமல் போகும் அந்த ஒரு முறை, ஆயுள் தண்டனை வரை எழுதி வைத்திருக்கிற சட்டம் வேலை செய்ய வேண்டுமென்றால், அதற்கு ஒரு பேட்ச் எண் வேண்டும், ஒரு பில் வேண்டும், தூக்கிப் போடாமல் வைத்த அட்டை வேண்டும். அந்த மூன்றும் கோர்ட்டிலோ ஆய்வகத்திலோ பிறப்பதில்லை. கவுன்டரில், அட்டை கைக்கு வரும் அந்த நிமிஷத்தில் பிறக்கின்றன.

அடுத்த வீடியோ காலில் கேட்க வேண்டியது அதுதான்: "அம்மா, தேதி இருக்கிற பாதிய வாங்கிட்டு வா. பில்லையும் சேத்து வை."